சாய ட்ரம்மில் ஒரு கடல் எஞ்சின்

“இது கிளம்பாது!”

“கிளம்பும்னு சொல்லுதேன்லா—”

“மூணு வருசமா மூலையில கிடக்கு. துருப்பிடிச்சு, தூசி அடைஞ்சு—”

“துருவா? எங்க இருக்கு துரு? காட்டு பாப்போம்! மாசாமாசம் தொடச்சு வைக்கேன்—”

“ஆமா, எஞ்சினைத் தொடைப்பீக. தலைக்கு மேல சுத்துற ஃபேனைத் தொடைக்கத்தான் இந்த வீட்டுல ஆள் இல்ல!”

அம்மா விஜயராணியும் அப்பா சகாயராஜும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ரெஜினா பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சண்டைக்குக் காரணமான எஞ்சின் அவள் முன்னால்தான் கிடந்தது. சாக்கு விரித்துப் படுக்க வைத்து, மேலே பனியன் துணி போர்த்தியிருந்தார்கள். அதன் மேல் ஒரு பலகை. பலகையின் மேல் ரெஜினாவின் கணக்கு நோட்டு.

“ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்டாள் ரெஜினா. அவளுக்கு விடை தெரியும். சண்டை நிற்குமா என்று பார்த்தாள்.

“அம்பத்தாறு!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

“பத்துக்குப் பத்து ரூம்பு. இதுல நாம மூணு பேரு, ஒரு அடுப்பு, ஒரு எஞ்சின். புள்ள அஞ்சாப்பு போயிட்டா. ஒரு டேபிள் வாங்கிப் போடலாம்னா இடம் எங்க இருக்கு?”

“எனக்கு எஞ்சினே போதும்மா.”

“நீ சும்மா இரிட்டி!”

“அதான் நாளைக்கு ஊருலேருந்து தம்பி கஸ்பார் வாரான்லா? எஞ்சினைக் கொண்டுபோகத்தான வாரான்?” என்றார் அப்பா.

“ஓடுற எஞ்சினைக் கொண்டுபோக வாராரு. ஓடாத எஞ்சினை அவரு என்ன, நங்கூரமாவா போடுவாரு?”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அம்மா குரலைக் கொஞ்சம் இறக்கினாள். “நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு அவருக்கு பஸ்ஸு. அதுக்குள்ள கிளம்பிச்சுன்னா கடலுக்குப் போகட்டும். கிளம்பலைன்னா பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். ரெண்டுல ஒண்ணு.”

அப்பா எஞ்சினைப் பார்த்தார். பிறகு, “சரி,” என்றார்.

அந்த ஒரு ‘சரி’யைக் கேட்டதும் ரெஜினாவின் பென்சில் நின்றுவிட்டது.

*

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். திருப்பூர் வேலம்பாளையத்தில் அவர்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு வீடுகள். எட்டுக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு துணி துவைக்கும் கல், ஒரு குழாய். நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். தண்ணீர் வரும் நாளில் பண்டிகை வந்ததுபோல வாசலே கலகலக்கும்.

எட்டு வீட்டுக்கும் பொதுவாக இன்னொன்றும் இருந்தது. அது பனியன் வேஸ்ட். கம்பெனியில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளி வருவார்கள். தலையணைக்குள் பனியன் வேஸ்ட். கரித்துணிக்குப் பனியன் வேஸ்ட். கதவு ஆடினால் சந்தில் பனியன் வேஸ்ட். கூரையில் எலி ஓட்டை தெரிந்தால் அதிலும் பனியன் வேஸ்ட்தான். என்ன நிறம் என்று பார்த்தே எந்த வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிடலாம். ரெஜினாவின் தலையணைக்குள் இருந்தது கிளிப்பச்சை. அம்மா செக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அந்தக் கம்பெனியில் கிளிப்பச்சை டீ-ஷர்ட்டுகள்தான் ஓடின.

அதற்கு முன்னால் அவர்கள் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருந்தார்கள். அப்பாவிடம் மீன்பிடிக்கப் போகிற ஒரு வள்ளம் இருந்தது. அதன் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின்தான் இது. ஒருநாள் வள்ளம் பாறையில் மோதி உடைந்தது. எஞ்சினை மட்டும் காப்பாற்ற முடிந்தது. அப்பா அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸின் மேல் ஏற்றி, திருப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது அவர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறார்.

ரெஜினாவுக்குக் கடல் பாதி மறந்துவிட்டது. ஆனால் ஒரு சத்தம் மட்டும் மறக்கவில்லை.

காலையில் அவளும் அம்மாவும் மணலில் நிற்பார்கள். தூரத்தில் வள்ளங்கள் எறும்பு மாதிரி தெரியும். முப்பது வள்ளம், முப்பது எஞ்சின். எல்லாச் சத்தமும் கலந்து வரும். அதில் ஒன்று மட்டும் ‘டுர்ர்ர்ர்... டுப்’ என்று நடுவில் ஒரு விக்கல் விக்கும். அம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்க்கமாட்டாள். காதைத்தான் தீட்டிக்கொள்வாள். பிறகு, “உங்கப்பா வந்துட்டாவ,” என்பாள். கொஞ்ச நேரத்தில் அலையைத் தாண்டி அப்பாவின் வள்ளம் வரும்.

மூன்று வருஷமாக ரெஜினா அந்த எஞ்சின் மேல்தான் எழுதினாள், படித்தாள். ஒருநாளும் அது வாயைத் திறக்கவில்லை. கடலுக்குப் போவதென்றால் போகட்டும். ஆனால் போவதற்கு முன் ஒரே ஒருமுறை அந்த விக்கலைக் கேட்டுவிட வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் அது போகவே கூடாது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கஸ்பார் சித்தப்பா வந்து இறங்கினார். தோளில் ஒரு பை. பையைவிட முன்னால் அதன் வாசம் வந்தது.

“வாங்க சித்தப்பா. நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?” என்றாள் ரெஜினா.

சித்தப்பா வாயைப் பிளந்தார். “அண்ணே, என்ன இது? புள்ள வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுது! கடக்கரையில இப்படிப் பேசுனா, இவ்வளவு மரியாதை நமக்குத் தாங்காதுன்னு மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிரும்.”

வீட்டுக்காரப் பொன்னாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். “ஏனுங் தம்பி, பைக்குள்ள ஏதாவது செத்துக் கெடக்குதுங்களா?”

“கருவாடும்மா! உங்களுக்கும் சேர்த்துத்தான் கொண்டாந்தேன்.”

“அப்படிங்களா?” பொன்னாத்தாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். “அப்படியொண்ணும் மோசமான வாசமில்லீங்க.”

அப்பாவும் சித்தப்பாவும் எஞ்சினைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். போர்வையை எடுத்ததும் பொன்னாத்தாள் குனிந்து பார்த்தார். “இதென்னுங்க, அடியில விசிறி இருக்குது? நான் இத்தன நாளும் கெணத்து மோட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தனே! எங்க தோட்டத்துக் கெணத்துக்குக் கேக்கலாம்னு இருந்தேன்!”

“வள்ளத்துக்குப் பின்னாடி மாட்டுறதும்மா. விசிறி தண்ணிக்குள்ள சுத்தும். வள்ளம் முன்னால போகும்.”

“அப்போ இங்க எங்கீங்க தண்ணி?”

அதுதான் பிரச்சனை. இந்த எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஒரு ட்ரம் நிறையத் தண்ணீர் வேண்டும்.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். “குடத்துல இருக்கிற நல்ல தண்ணியில யாராவது கை வச்சீங்க, தெரியும் சேதி!”

“போர்த் தண்ணிய எடுத்துக்கோங்க,” என்றார் பொன்னாத்தாள். “உப்புக் கரிக்கும். பாத்தரங் கழுவக்கூட ஆவாது.”

“உப்புத் தண்ணியா?” சித்தப்பா கைகளைத் தட்டினார். “ரொம்பச் சந்தோசம்மா. எஞ்சினுக்கு ஊர் ஞாபகம் வந்துரும்.”

ட்ரம்மும் பொன்னாத்தாள் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தது. எப்போதோ சாயப்பட்டறையிலிருந்து வந்த நீல ட்ரம். ரெஜினா அதை மூன்று முறை கழுவினாள். ஆனாலும் குடம் குடமாக ஊற்ற ஊற்றத் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது.

“ரோஸ் மில்க்கு!” என்றார் சித்தப்பா.

“குடிச்சுராதீங்க,” என்றாள் ரெஜினா.

ட்ரம்மின் வாயில் ஒரு கனமான பலகையை வைத்துக் கட்டி, எஞ்சினை அதில் மாட்டினார்கள். அப்பா பழைய எண்ணெயை எல்லாம் வடித்துக் கொட்டினார். புதிதாகப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து, எஞ்சின் தலையில் இருந்த சின்ன டேங்க் நிறைய ஊற்றினார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டினார்.

“ரெஜினா, நீ கல்லுக்கு அந்தப் பக்கம் நில்லு. ட்ரம் கிட்ட வரக் கூடாது.”

அவள் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா கயிற்றை இழுத்தார். ‘ஸ்ர்ர்ர்’ என்றது. அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தார். ‘ஸ்ர்ர்ர்.’

எட்டாவது தடவை இழுத்தபோது எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. ஒன்பதாவது தடவை, ‘டுர்ர்ர்ர்!’ ஒரு புகை மேகம் கிளம்பி எட்டு வீட்டு வாசலையும் மூடியது.

“கிளம்பிட்டு!” சித்தப்பா கத்தினார்.

ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விக்கலுக்குக் காத்திருந்தாள். விக்கல் வரவில்லை. சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. இழுத்து இழுத்து முனகியது. நின்றுவிட்டது.

அப்பா மூடியைத் திறந்து டேங்கைப் பார்த்தார். “பெட்ரோல் தளும்பத் தளும்ப இருக்கே!” மூடியைத் திருகிவிட்டு இழுத்தார். உடனே கிளம்பியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே முனகல். நின்றது.

பிறகு எத்தனை இழுத்தும் அசையவில்லை. அப்பா பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். சித்தப்பா இழுத்தார். அப்பா இழுத்தார். பக்கத்து வீட்டு அழகுமலை மாமா வந்தார். அவர் ஓவர்லாக் டெய்லர். “அண்ணே, ஊசியை மாத்திப் பாருங்க. எங்க மிஷின்ல எதுன்னாலும் ஊசிதான்,” என்றார்.

“இதுல ஊசியே இல்ல தம்பி.”

“ஊசி இல்லாத மிஷினா? அப்ப கஷ்டந்தாண்ணே.”

மணி மூன்றரை ஆகிவிட்டது. சித்தப்பாவின் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. அம்மா வாசற்படியை விட்டு நகரவே இல்லை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அவள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது ரெஜினாவுக்கு. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் அவர் எஞ்சினின் தலையில் மெல்லத் தட்டிக் கொடுத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தட்டுவதுபோல.

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அந்தச் சத்தம் பட்டென்று நிற்கவில்லை. மூச்சு முட்டுகிறவர் பேசுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்குகிறது. இன்னொன்றும் இருந்தது. அப்பா டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இழுத்தால் எஞ்சின் கிளம்புகிறது. திறந்து பார்க்காமல் இழுத்தால் கிளம்புவதே இல்லை.

“அப்பா! மூடியைத் திறந்து பாத்தா மட்டும் கிளம்புதுங்கப்பா!”

“அது காத்து வாங்குறதுக்கு மூடியில ஓட்டை இருக்கு மக்கா. அந்தத் திருகைப் பாரு, திறந்துதான் இருக்கு. அதெல்லாம் நான் முதல்லயே பாத்துட்டேன்.” அப்பா நெற்றியைத் துடைத்தார். “இருபது வருசம் ஓட்டியிருக்கேன். இதோட வயித்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

ரெஜினா முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு எஞ்சினையே பார்த்தாள்.

*

நாலு மணிக்கு டீக்காரர் தங்கவேலு சைக்கிளை மணியடித்துக்கொண்டு வந்தார். எதிர்க் கம்பெனியில் அவசர ஆர்டர் என்று அன்றைக்கும் வேலை நடந்தது. குழாய் வைத்த பெரிய டீ கேன் அவருடைய கேரியரில் எப்போதும் இருக்கும்.

“என்னுங்க, வாசலெல்லாம் ஒரே பொகை? கொசு மருந்தா?”

“எஞ்சினு. ஓட மாட்டேங்குது. நாலு டீ குடுங்க,” என்றார் அப்பா சோர்வாக.

தங்கவேலு கேனின் குழாயைத் திருகினார். ஒரு கிளாஸ் நிறைந்தது. இரண்டாவது கிளாஸ் பாதி நிறைவதற்குள் டீ நூலாக மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. அவர் பேச்சை நிறுத்தாமலே மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். டீ குபுக்கென்று கொட்டியது.

ரெஜினா கல்லிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

“அண்ணா, மூடியை மறுபடி இறுக்குங்க.”

“ஏன் அம்மிணி?”

“இறுக்குங்கண்ணா!”

இறுக்கினார். டீ மெலிந்து நின்றது.

“இப்போ தளத்துங்க.”

தளர்த்தினார். கொட்டியது.

“மறுபடி இறுக்குங்க.”

“ஏஞ் சாமி, டீ ஆறிப்போவுது. கம்பெனிக்காரங்க என்னைய வெய்வாங்க!”

ஆனால் ரெஜினா அங்கே இல்லை. எஞ்சின் ஓடாமல் நின்றதால் அப்பா இப்போது தடுக்கவில்லை. அவள் டேங்க் மூடியைக் கழற்றி எடுத்தாள். நடுவில் இருந்த திருகைப் பார்த்தாள். அப்பா சொன்னதுபோலத் திறந்துதான் இருந்தது. அதன் அடியில் ஒரு சின்ன ஓட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணில் மூடியை வைத்து வானத்தைப் பார்த்தாள்.

ஓட்டை என்றால் வெளிச்சம் தெரிய வேண்டுமே. தெரியவில்லை. இருட்டாக இருந்தது.

மூடியைத் திருப்பினாள். உள்பக்கம் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. மூடியின் வாஷர் மாதிரியே அழுக்கேறி ஒட்டிக்கிடந்தது.

“அம்மா, உங்க கொண்டை ஊசியைக் குடுங்க.”

அம்மா தலையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். ரெஜினா நோண்டினாள். முதலில் கொஞ்சம் கறுப்பு வந்தது. ஊசியில் மாட்டி இழுத்ததும் புழுவைப்போல நீளமாக ஒரு துணிச்சுருள் வெளியே வந்தது. வெளியே கறுப்பு. உள்ளே...

கிளிப்பச்சை.

ரெஜினாவுக்கு அந்தப் பச்சை நன்றாகத் தெரியும். தினமும் தலை வைத்துப் படுக்கிற பச்சை. சட்டென்று நினைவும் வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிது. ஜன்னல் இல்லாத அறை. எஞ்சினிலிருந்து வந்த எண்ணெய் நாற்றத்தில் ரெஜினாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாவது நாள் அம்மா எஞ்சின் பக்கத்தில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு நாற்றம் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை அவிழ்ந்த கொண்டையிலேயே நின்றுபோயிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

ரெஜினா சட்டென்று கையை மூடிக்கொண்டாள். துணிச்சுருளைப் பாவாடைப் பைக்குள் போட்டாள்.

“என்ன மக்கா? என்ன இருந்துச்சு?” அப்பா ஓடி வந்தார்.

“ஓட்டை அடைச்சிருந்துச்சுங்கப்பா. எடுத்துட்டேன். இப்போ வானம் தெரியுது பாருங்க.”

அப்பா மூடியை வாங்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பச்சை நூலை விரலால் எடுத்துவிட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தார். சித்தப்பா வாங்கிப் பார்த்தார். பொன்னாத்தாளும் வாங்கிப் பார்த்தார். “ஆமாங்க, காக்கா பறக்குது,” என்றார்.

மூடியைத் திருகினார்கள். ரெஜினா மறுபடி கல்லின் மேல் ஏறிக்கொண்டாள். அப்பா கயிற்றைப் பிடித்தார். எட்டு வீட்டு ஆட்களும் வாசலில் நின்றார்கள். தங்கவேலுவும் கம்பெனியை மறந்துவிட்டு நின்றார்.

ஒரே இழுப்பு.

‘டுர்ர்ர்ர்!’

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. சத்தம் மெலியவில்லை. எஞ்சினின் பக்கவாட்டிலிருந்த சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ரோஸ் தண்ணீர்! அது நேராகப் போய்ப் பொன்னாத்தாள் வீட்டு வெள்ளைச் சுவரில் ஒரு நீளக் கோடு போட்டது.

“அடக் கண்றாவியே! போன மாசந்தானுங்க வெள்ளையடிச்சேன்!” என்று கத்தினார் பொன்னாத்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே கத்தினார். அந்த ரோஸ் கோடு அதற்குப் பிறகு பல வருஷம் அந்தச் சுவரில் இருந்தது.

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டாள்.

டுர்ர்ர்ர்... டுப். டுர்ர்ர்ர்... டுப்.

விக்கல்! காலுக்கடியில் துணி துவைக்கும் கல் இல்லை. ஈர மணல். முகத்தில் உப்புக் காற்று. எங்கோ தூரத்தில் எறும்பு மாதிரி ஒரு வள்ளம்.

அவள் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கண்ணைத் திறக்காமலே யாரென்று தெரிந்தது.

“உங்கப்பா வந்துட்டாவ,” என்றாள் அம்மா மெதுவாக.

ரெஜினா கண்ணைத் திறந்தாள். அம்மா ரெஜினாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தானாகத்தான் சொல்லியிருந்தாள். அவளுடைய கண்கள் ட்ரம்முக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்பா புகைக்கு நடுவில், ஒரு கையை எஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, எதிரே கடல் இருப்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

“அண்ணே, நிறுத்தும்! பெட்ரோலு தீருது! எனக்கு பஸ்ஸு இருக்கு!” என்று சித்தப்பா கத்தினார்.

“இன்னும் கொஞ்ச நேரம்ல,” என்றார் அப்பா.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் கொழுந்தனாரே,” என்றாள் அம்மாவும்.

சித்தப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மைனி, நேத்து நீங்கதான இதை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னதா அண்ணன் போன்ல சொன்னாவ?”

“ஓடாத எஞ்சினைத்தான் சொன்னேன். இது ஓடுதுல்லா?”

*

ஐந்தரை மணிக்கு எஞ்சினைத் துடைத்து, டேங்கை வடித்து, பனியன் துணியில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸின் மேலே ஏற்றும்போது, “மெதுவா, மெதுவா,” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “ரெஜினா, பெரிய லீவுக்கு வா. உன்னை முன்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன். மூடியில ஓட்டை இருக்கான்னு நீ பாத்துச் சொன்னாத்தான் கயிறு இழுப்பேன்.”

“வர்றேனுங்க சித்தப்பா!”

“அந்த ‘ங்க’வ மட்டும் இங்கேயே வச்சுட்டு வா!”

பஸ் போய்விட்டது.

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. எஞ்சின் இருந்த மூலையில் சாக்கின் தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. அம்மா அந்த இடத்தைப் பெருக்கினாள். தேவைக்கு மேலேயே பெருக்கினாள்.

“இந்த எடத்துல டேபிள் போட்டா ஜோரா இருக்கும்,” என்றார் அப்பா.

“ம்,” என்றாள் அம்மா.

ரெஜினா பாயை விரித்தாள். கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பாவாடைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். துணிச்சுருள் அங்கேயே பத்திரமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள்.

அப்பா ரெஜினாவின் தலையணையை எடுத்துச் சுவரில் வைத்துச் சாய்ந்துகொண்டார். தலையணையின் ஓரத்தில் தையல் பிரிந்து கொஞ்சம் பனியன் வேஸ்ட் எட்டிப் பார்த்தது. அவர் அதில் ஒரு நூலை உருவினார். ஜன்னல் இல்லாத அறையில் கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு துடித்தது.

அம்மா வேகமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெஜினா வேகமாகக் கணக்கு நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

“ஏன் விஜயா, இந்தக் கிளிப்பச்சை வேற எங்கயாச்சும் நம்ம வீட்டுல இருந்துச்சா?”